வெள்ளம் வடியும் நாள்களில் எண்ணூர்க் கழிமுகம்: கயாக் கிளப்பின் ஒருநாள் ஓட்டம்

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேர்வதற்கு முந்தைய சில கிலோமீட்டர் தொலைவு, கோடையில் ஓட்டமே புலப்படாத அகன்ற உப்புநீர்ப் பரப்பாகவும், வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் தேர்ந்த துடுப்பாளரையும் கடலுக்குள் தள்ளிவிடக்கூடிய ஆறாகவும் இருப்பதால், கோடைக்கு எழுதிய வழிகாட்டுதல் மழைக்காலத்துக்குப் பயன்படுவதில்லை. இவ்வியல் அந்த இரண்டாவது நிலையை, அதிலும் குறிப்பாக வெள்ளத்தின் உச்சம் கடந்து நீர் வடியத் தொடங்கும் நாள்களை மட்டுமே கருத்தில் கொள்கிறது. ஏனெனில் உச்ச வெள்ளத்தில் கிளப் ஓட்டம் நடத்துவதற்கான வழிமுறை என்று ஒன்று இல்லை, அன்று செய்யத்தக்கது கரையில் நின்று நீரைக் கற்பது மட்டுமே.

கயாக் என்பது ஆர்க்டிக் கரையோர மக்களின் வேட்டைப் படகிலிருந்து வந்த, ஒருவரோ இருவரோ முன்னோக்கி அமர்ந்து, இரு முனையிலும் அலகு கொண்ட துடுப்பால் செலுத்தும் குறுகிய படகாகும். கால்களை உள்ளே நீட்டி அமரும் மூடிய வகையும், தட்டின் மேல் அமரும் திறந்த வகையும் தமிழகக் கரையில் வழக்கில் உள்ளன. கவிழ்ந்தால் எளிதில் வெளியேறலாம் என்பதாலும், நீர் தானே வடிந்துவிடும் என்பதாலும், புதியவர் கலந்த குழுவுக்கு இரண்டாவது வகையே இங்கு ஏற்றது. சென்னையில் கிளப் வழியான படகோட்டம் புதிதன்று. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இன்றும் அடையாற்றில் துடுப்பு வலித்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் அடையாற்றின் நீண்ட போட்டிப் படகுகளில் பெற்ற பழக்கம், மூன்று திசையிலிருந்து நீர் வந்து சேரும் எண்ணூரில் பாதிதான் கைகொடுக்கும்.

நீர் வரும் வழிகள்

எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்மட்டத்தை அங்குப் பெய்யும் மழை தீர்மானிப்பதில்லை என்பதே குழுத் தலைவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. ஆற்றின் மேல்பகுதியில் 1944இல் கட்டி முடிக்கப்பட்டு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிடப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவும் 35 அடி முழு உயரமும் உடையது; அது நிரம்பும் நிலையை அடையும்போது மதகுகள் திறக்கப்பட்டு, உபரிநீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, வெள்ளிவாயல், நாப்பாளையம், இடையஞ்சாவடி வழியாக எண்ணூரை நோக்கி வருகிறது. புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயும் மணலியைக் கடந்து சடையங்குப்பத்துக்கு அருகில் இதே ஆற்றில் கலக்கிறது. இவற்றோடு, 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முயற்சியால் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கி, பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழி, தெற்கே திருவொற்றியூர், மணலிப் பகுதிகளின் மழைநீரையும் தொழிற்சாலைப் பகுதிகளின் கழிவையும் சுமந்துவந்து சேர்கிறது. அதன் வடகிளை பழவேற்காட்டு ஏரியை நோக்கிச் செல்கிறது.

செய்திகளில் வரும் கன அடிக் கணக்கு துடுப்பாளருக்கு எதை உணர்த்துகிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. வினாடிக்கு ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர் நீர். ஆகவே பூண்டியிலிருந்து 10,000 கன அடி திறக்கப்பட்டால், வினாடிதோறும் 280 டன்னுக்கு மேற்பட்ட நீர் கீழ்நோக்கி நகர்கிறது. 2021 நவம்பரில் இத்திறப்பு 30,000 கன அடியைக் கடந்தபோது மணலி புதுநகரின் தெருக்களுக்குள் ஆறு புகுந்தது. மேலே திறக்கப்பட்ட நீர் எண்ணூரை அடையப் பல மணி நேரம் ஆகிறது. எண்ணூரில் வானம் வெளுத்து வெயில் அடிக்கும் காலையில்தான் முந்தைய இரவின் திறப்பு வந்து சேரக்கூடும். எனவே உள்ளூர் வானத்தைப் பார்த்துத் தேதி குறிப்பவர், அன்று ஆற்றில் இருக்கப்போகும் நீரைப் பற்றி ஒன்றும் அறியாதவராகவே இருப்பார்.

மதகு திறக்கப்படும்போதெல்லாம் கரையோர ஊர்களின் பெயரை வரிசையாகக் கூறி, ஆற்றில் இறங்கவோ கடக்கவோ கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுப்பது வழக்கம். அப்பட்டியலின் இறுதிப் பெயர்களாக மணலி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் ஆகியவை இடம்பெறும். எச்சரிக்கை நடப்பில் இருக்கும் வரையில் எந்தக் கிளப்பும் படகை இறக்கக் கூடாது. இது சட்டத்துக்கு அஞ்சிச் சொல்வது மட்டுமன்று: அந்நாள்களில் தீயணைப்புத் துறையினரும் மீனவர்களும் வீடுகளில் சிக்கியோரை மீட்டுக்கொண்டிருப்பார்கள், பொழுதுபோக்குக்காக இறங்கிய ஒருவரை மீட்க அவர்களின் ஒரு படகு திரும்பினாலும் அதற்கு நியாயம் கற்பிக்க இயலாது. எச்சரிக்கை விலக்கப்பட்டு, நீர்வளத் துறை வெளியிடும் அன்றாட நீர்த்தேக்க நிலவரத்தில் திறப்பு தொடர்ந்து குறைந்துவருவது உறுதியான பின்னரே திட்டமிடல் தொடங்க வேண்டும்.

ஓதமும் வெள்ளமும் சந்திக்கும் இடம்

கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குவதை ஓதம் என்பர். ஏறுவது ஏற்றம், இறங்குவது வற்றம். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே இருப்பதால், குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டு இதைப் பொருட்படுத்தாமல் விடுவோர் உண்டு. அது பிழையான முடிவு. வெள்ளநீர் வந்துகொண்டிருக்கும் குறுகிய முகத்துவாரத்தில் ஒரு மீட்டர் வேறுபாடே ஆற்றின் குணத்தை மாற்றப் போதுமானது: ஏற்றத்தின்போது கடல் எதிர்த்து நிற்பதால் ஆற்றுநீர் உள்ளே தேங்கி, மட்டம் உயர்ந்து, வேகம் குறைகிறது, வற்றம் தொடங்கியதும் தேங்கிய நீரும் புதிதாக வரும் நீரும் சேர்ந்து ஒரே வாயிலில் கடலுக்குப் பாய்கின்றன. இவ்வாறு பாயும் நீர், கரையை நோக்கி வரும் அலையோடு மோதும்போது, அலை செங்குத்தாக உயர்ந்து உடைகிறது. முகத்துவாரத்தின் மணல்திட்டின் மேல் அப்படி உடையும் வெண்ணுரைக் கோட்டுக்குள் புகுந்த கயாக், முன்னால் கடலும் பின்னால் ஆறுமாகத் திரும்பும் வழியற்றுப் போகும்.

ஓத அட்டவணை, இந்திய நில அளவைத் துறையின் கணிப்பின்படி, சென்னைத் துறைமுகத்துக்கு உரிய நேரங்களைத் தருகிறது. கழிமுகத்தின் உட்பகுதியில் உயர்நீர் அந்நேரத்துக்குப் பின்னரே வரும். வெள்ளம் மிகுந்திருந்தால் ஏற்றத்தின்போதும் மேல்நீர் கடலை நோக்கியே செல்வதும், கனமான உப்புநீர் அதன் அடியில் உள்நோக்கி நுழைவதும் உண்டு. மேற்பரப்பில் மிதக்கும் சருகு கிழக்கே போக, மீன்பிடிப்போர் ஆழத்தில் விட்ட தூண்டில் மேற்கே சாய்வதைக் கண்டால், அட்டவணையை விட அந்தக் காட்சியையே நம்ப வேண்டும்.

இதிலிருந்து நாளின் அமைப்பு பிறக்கிறது. ஓதம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏறி, அதே அளவு நேரம் இறங்குகிறது. இறங்கும் மொத்த உயரத்தில் பாதி, நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் மணிகளில் இறங்கிவிடுவதால், அவ்விரு மணிகளே மிக வேகமானவை. எடுத்துக்காட்டாக, உயர்நீர் காலை 10 மணிக்கு எனில், குழு 7.30 மணி அளவில் நீரில் இறங்கி, தேங்கும் நீரின் உதவியோடு மேற்கே எதிரோட்டத்தில் சென்று, 10 மணியை ஒட்டித் திரும்பி, வற்றத்தின் முதல் மணி முடிவதற்குள், அதாவது 11 மணிக்குள், படகுகளைக் கரையேற்றிவிட வேண்டும். உயர்நீர் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், மழையின் காரணமாக ஒரு வாரம் ஒத்திவைத்த ஓட்டத்துக்குப் பழைய நேரத்தையே வைத்துக்கொள்வது, ஏற்றத்துக்குப் பதிலாக வற்றத்தில் குழுவை இறக்குவதில் முடியும்.

முதலில் எதிரோட்டம் என்ற விதிக்குக் காரணம் எளியது. களைத்தவரையும் துடுப்பை இழந்தவரையும் நீர் தானாகவே புறப்பட்ட துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நீரோட்டத்தோடு முதலில் கீழே சென்று பின்னர் மேலேறுவது என்ற திட்டத்தில், மிகக் கடினமான வேலை மிகக் களைத்த நேரத்துக்கு விடப்படுகிறது.

கரையில் செய்யும் அளவு

படகை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னரே நீரின் வேகத்தை அளந்துவிடலாம். வெள்ளம் வடியும் நாள்களில், மேலுள்ள ஏரிகளிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரைத் திட்டுகள் எண்ணூர் வரை மிதந்துவரும். உப்புநீரில் வாழாத அச்செடி கழிமுகத்தில் பச்சையாக மிதப்பதே நல்ல நீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கான சான்று. பாலத்தின் இரு தூண்களுக்கோ கரையில் நட்ட இரு கம்புகளுக்கோ இடைப்பட்ட தொலைவை அடியெடுத்து அளந்துகொண்டு, ஒரு திட்டு முதற்குறியைக் கடந்து மறுகுறியை அடையும் வரை வினாடிகளை எண்ண வேண்டும். 30 மீட்டரை 15 வினாடியில் கடந்தால் நீரின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர், மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல். நடுத்தரத் துடுப்பாளர் ஒருவர் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரை ஒட்டியது என்பதால், அவர் எவ்வளவு துடுப்பு போட்டாலும் பின்னோக்கியே செல்வார். அதே திட்டு 30 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால், ஓட்டம் மணிக்கு 4 கிலோமீட்டருக்குள் அடங்கும். புதியவர் உள்ள குழுவுக்கு அதையே உச்சவரம்பாகக் கொள்வது தகும்.

வேகம் இருமடங்கானால், நிலையான பொருளின் மேல் நீர் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. தூணில் குறுக்காக ஒட்டிக்கொண்ட படகை மெதுவான நீரில் இருவர் இழுத்தெடுக்க முடிந்தால், அதே இருவரால் இருமடங்கு வேகத்தில் அதை அசைக்கவே இயலாமற்போவது இதனால்தான்.

வேகத்தோடு நிறத்தையும் மணத்தையும் நோக்க வேண்டும். செம்பழுப்பு நிறம் மேல்நீரின் வண்டல். வானவில் போன்ற படலமோ, கரைச் செடிகளின் தண்டில் ஒரே மட்டத்தில் கரும்பட்டையோ தெரிந்தால் அது எண்ணெய். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலியின் சுத்திகரிப்பு வளாகப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக இக்கழிமுகத்துக்கு வந்து, மீனவர் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் படிந்ததை வடசென்னை மறந்துவிடவில்லை. படலம் கண்ட நாளில் ஓட்டத்தைக் கைவிடுவதே முறை. எண்ணெய் பட்ட துடுப்பு கையில் நிற்காது என்பது அதன் மிகச் சிறிய காரணம்.

புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் 1 முதல் 11 வரையிலான எண்களில் ஏற்றப்படும் இக்குறிகள் கப்பல்களுக்கானவை என்றாலும், கயாக் குழுவுக்கும் அவற்றால் தெளிவான முடிவு கிடைக்கிறது. 1ஆம் எண் கூண்டு, தொலைவில் புயலாக வலுப்பெறக்கூடிய வானிலை உருவாகியுள்ளதை மட்டுமே குறிக்கும். அன்று எண்ணூரில் காற்றே இல்லாமல்கூட இருக்கலாம். ஆயினும் புயல் எழுப்பும் நீண்ட அலைகள் புயலுக்கு முன்னரே கரையை அடைவதால், எந்த எண்ணாயினும் கூண்டு ஏறியிருக்கும் நாளில் ஓட்டம் இல்லை என்று கிளப் தன் விதியிலேயே எழுதிவைப்பது, ஒவ்வொரு முறையும் கரையில் நின்று வாதிடுவதைத் தவிர்க்கும்.

ஊராரும் எல்லைகளும்

முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், எண்ணூர்க்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைகுப்பம் ஆகிய மீனவ ஊர்கள் இந்நீர்ப்பரப்பின் மேல் தலைமுறைகளாக உழைப்புரிமை உடையவை. வெள்ளம் வடியும் நாள்கள் கயாக் குழுவுக்கு எவ்வளவு உவப்பானவையோ, இறால் பிடிப்போருக்கு அதைவிட மதிப்பு வாய்ந்தவை. நல்ல நீர் இறங்கி உப்புநீர் ஏறும் அந்த இடைக்காலத்தில்தான் கழியின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு கைக்கு வரும். கம்பு ஊன்றிக் கட்டிய வலைகள் எங்கே உள்ளன, யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பன ஊர்க் கட்டுப்பாட்டால் தீர்மானிக்கப்படுபவை. பழவேற்காட்டில் பாடு என்று வழங்கும் முறைவைப்பு இத்தகைய ஏற்பாட்டின் நன்கறியப்பட்ட வடிவம். ஆகவே ஓட்டத்துக்கு முந்தைய நாளே குழுவின் பொறுப்பாளர் இருவர் ஊருக்குச் சென்று, ஊர் நிர்வாகிகளிடம் “ஐயா, நாளைக்குக் காலையில பத்துப் படகு இந்தப் பக்கம் வரலாமா, எங்கெங்க வலை கட்டியிருக்கு” என்று கேட்டறிவது மரியாதையும் பாதுகாப்பும் ஒருசேர ஆகும். முகத்துவாரத்தின் மணல்திட்டு இந்த வாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தத் தூணடியில் சுழி இருக்கிறது என்பதை எந்த வரைபடமும் கூறாது, அவர்கள் கூறுவார்கள். வர வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பேச்சு அத்துடன் முடிகிறது.

வலையில் சிக்கிய துடுப்பாளரை மீட்கக் கத்தி தேவை, உயிர் என்று வரும்போது வலையை அறுக்கத் தயங்கக் கூடாது. ஆனால் அறுத்த வலைக்கு உரியவரைத் தேடிச் சென்று அன்றே ஈடு கொடுக்கும் தொகையைக் கிளப் தனியாக ஒதுக்கிவைத்திருக்க வேண்டும்.

காமராஜர் துறைமுகத்தின் நீர்ப்பரப்பும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அனுமதியற்ற எந்தப் படகும் நுழையக் கூடாத பாதுகாப்பு எல்லைகள். அனல்மின் நிலையத்தின் சுடுநீர் வெளியேறும் வாய்க்கால் முனையும், ஆற்றைக் குறுக்கே கடக்கும் குழாய்களின் தாங்குதூண்களும் நெருங்கத் தகாதவை. முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள சாலைப் பாலத்தைக் கிழக்கெல்லையாக வைத்து, அதற்கு அப்பால் எக்காரணத்தாலும் செல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டால், கடலோடு தொடர்புடைய ஆபத்துகள் பெரும்பாலும் திட்டத்திலிருந்தே நீங்கிவிடும். மேற்கே வல்லூர் அணைக்கட்டு வரை செல்லும் ஆசையும் வேண்டாம்: அணைக்கட்டைத் தாண்டி விழும் நீர், அதன் அடியில் மேற்பரப்பில் பின்னோக்கித் திரும்பி உருள்கிறது, சுவரின் உயரம் குறைவாகவும் நீர் அமைதியாகவும் தோன்றினாலும், அவ்வுருளையில் அகப்பட்ட ஆளையும் படகையும் அது மீண்டும் மீண்டும் சுவரடிக்கே இழுத்து அமிழ்த்தும்.

போக்குவரத்து பற்றி ஒரு சொல். கும்மிடிப்பூண்டி வழித்தடத்தின் புறநகர் ரயில்கள் எண்ணூரிலும் அத்திப்பட்டு புதுநகரிலும் நிற்பதால், உறுப்பினர்கள் ரயிலில் வந்து, படகுகளை மட்டும் ஒரே வண்டியில் கொண்டுவருவது நல்லது. கூரையில் படகு கட்டிய பல கார்கள் எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் விடியற்காலையில் நுழைவதை விட ஆறே அபாயம் குறைந்தது எனலாம்.

ஆளும் கருவியும்

ஒரு தலைவர், ஒரு கடைக்காவலர், இவர்களுக்கு இடையே நால்வருக்கு ஒரு பயிற்சி பெற்ற துடுப்பாளர் என்ற விகிதம் வெள்ளநீருக்குக் குறைந்தபட்சம். தலைவருக்கு முன்னே எவரும் செல்வதில்லை, கடைக்காவலருக்குப் பின்னே எவரும் தங்குவதில்லை. இவ்விரு விதிகள் மீறப்படாதவரை ஆள் எண்ணிக்கை தவறாது. முந்தைய மாதங்களில் அமைதியான நீரில் கவிழ்ந்து, வெளியேறி, உதவியோடு மீண்டும் ஏறிக் காட்டாத எவரையும் இந்நாளில் சேர்க்கலாகாது. நீச்சல் நன்றாகத் தெரியும் என்ற வாய்மொழி போதாது.

மிதவை அங்கிகளில் 50 நியூட்டன் மிதப்புவிசை உடையவை நீந்தத் தெரிந்து உடனே உதவி பெறக்கூடியோருக்கும், 100 நியூட்டன் உடையவை நினைவிழந்தாலும் முகத்தை மேலே வைக்க முயல்வனவாகப் பிறருக்கும் வகுக்கப்பட்டுள்ளன. துடுப்பு போடத் தோள் அசைய வேண்டியிருப்பதால் கயாக்கில் முதல் வகையே பொதுவழக்கு. எதுவாயினும், அணிந்தவரின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கும்போது அங்கி காதுவரை ஏறினால் அது அளவுக்குப் பொருந்தவில்லை. படகுச் சவாரித் துறைகளில் குவித்துவைத்திருக்கும், வார் அறுந்த ஆரஞ்சு நிற அங்கிகளை இரவல் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். தூணும் பாறையும் உள்ள நீரில் தலைக்கவசம் கட்டாயம். கட்டிய காலணியும் கட்டாயம்: கழியின் கரையோரங்களில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து படிந்த சேறு, பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும் முழங்கால் வரை உள்ளிழுக்கும், செருப்பைத் திருப்பித் தராது, சேற்றுக்குள் சிப்பி ஓடுகளும் உடைந்த கண்ணாடியும் உண்டு.

எறிகயிற்றுப் பை என்பது 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிற்றை உள்ளே மடித்துவைத்த சிறு பை. ஒரு முனையைக் கையில் வைத்துக்கொண்டு பையை நீந்துபவரைத் தாண்டி எறிந்தால், கயிறு அவர் மேல் விழும். கயிற்றைத் தன் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொண்டு எறிபவர் இரண்டாவது பலியாகிறார். தலைவர், கடைக்காவலர், கீழ்த்துறையில் நிற்கும் கரைக்காவலர் ஆகிய மூவரிடமும் ஒவ்வொரு பை இருக்க வேண்டும். கைபேசி நீர்புகாப் பையில், தேசிய அவசர எண் 112, கடலோரக் காவல்படை மீட்பு எண் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093 ஆகியவற்றோடு, படகில் கட்டாமல் அங்கியின் பையில் இருத்தல் வேண்டும். கவிழ்ந்த படகோடு கைபேசியும் போவதுதான் வழக்கமாக நடப்பது.

நீரில்

தூணுக்குப் பின்னாலோ கரை மடிப்புக்குப் பின்னாலோ ஓட்டம் மறைக்கப்பட்டு, நீர் தேங்கியோ மெல்ல எதிர்த்திசையில் சுழன்றோ நிற்கும் இடத்தை மறைநீர் என்று இவ்வியல் குறிக்கிறது. வெள்ளநீரில் மேலேறும் குழு, நட்டாற்றில் போராடாமல், கரையோரத்து மறைநீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி முன்னேறுகிறது. அகன்ற ஓட்டத்தைக் குறுக்கே கடக்க வேண்டியபோது, படகின் முனையை நேராக எதிர்க்கரைக்குத் திருப்பாமல், எதிரோட்டத்துக்குச் சற்றே சாய்வாக வைத்துத் துடுப்பு போட்டால், துடுப்பின் விசை நீரின் விசையை ஈடுகட்ட, படகு பக்கவாட்டில் நழுவி மறுகரை சேரும். சாய்வு அதிகமானால் நீர் முனையைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். பழகும் வரை சிறு கோணமே போதும். மறைநீரிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும் கணத்தில் உடலைக் கீழ்நோக்கிய பக்கம் சாய்க்க மறப்பவரே அன்றைய முதற்கவிழ்வுக்கு உரியவர்.

பேச்சொலி ஓட்டத்தில் கேட்காது. துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் நில், நிமிர்த்திப் பிடித்தால் வா, நீண்ட மூன்று ஊதல் என்றால் அவசரம். கை காட்டும்போது ஆபத்து இருக்கும் பக்கத்தைச் சுட்டுவதில்லை, செல்ல வேண்டிய பக்கத்தையே சுட்ட வேண்டும். எதைக் கண்டாலும் விரல் நீட்டும் பழக்கமுடையோர் இதை முன்னரே பழகியாக வேண்டும்.

நீர் ஊடுருவிச் செல்லும், ஆள் ஊடுருவ முடியாத தடைகள் வெள்ளநீரின் மிகக் கொடிய பொறி. காட்டாறுகளில் விழுந்த மரங்கள் இவ்வேலையைச் செய்கின்றன. எண்ணூரில் வலைக்கம்புகளும், பாலத்தூண்களில் சேர்ந்த ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும், கரையோர அலையாத்திக் கிளைகளும் செய்கின்றன. படகு குறுக்காகச் சென்று தடையில் மோதுவது உறுதி என்றால், இயல்பாக எழும் உந்துதலுக்கு எதிராக, தடையை நோக்கியே உடலைச் சாய்த்து அதைத் தழுவிக்கொள்ள வேண்டும். விலகிச் சாய்ந்தால் மேல்நீர் படகின் விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும். நீரில் விழுந்தவர் மல்லாந்து, கால்களைக் கீழ்நோக்கி நீட்டி மிதப்பதே பொதுவிதி. தடை எதிரே வந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னாக வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறிவிட வேண்டும். ஓடும் நீரில் இடுப்பளவு ஆழத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் சேற்றிலோ கல்லிடுக்கிலோ பிடிபட்டால், நீர் உடலை முன்னே சாய்த்து முகத்தை அமிழ்த்திவிடும்.

கவிழ்வு நிகழ்ந்தால் ஆள் முதலில், படகு அடுத்து, பொருள் கடைசி. விலை உயர்ந்த படகொன்று முகத்துவாரத்தை நோக்கி மிதந்துபோவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் மனவலிமை குழுத் தலைவருக்கு வேண்டும். அதைத் துரத்திச் செல்ல முன்வரும் ஆர்வலரைத் தடுப்பது அவர் கடமை. மீட்கப்பட்டவரை ஓட்டத்தின் நடுவே மீண்டும் படகில் ஏற்ற முயலாமல், மற்றொரு படகின் பின்முனையைப் பிடிக்கச் செய்து மறைநீருக்கு இழுத்துச் சென்று, அங்கே ஏற்ற வேண்டும். இருமுறை கவிழ்ந்தவரை அன்று மூன்றாம் முறை நீருக்கு அனுப்புவதில்லை.

கரையேறிய பின்

ஆள் எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஊர் நிர்வாகிகளுக்கும் முன்னர் தகவல் தரப்பட்ட காவல் நிலையத்துக்கும் குழு திரும்பிவிட்டது என்று தெரிவிப்பது ஓட்டத்தின் பகுதியே. அச்செய்தி போகாவிட்டால், வராதவர்களைத் தேடி ஒரு மீனவர் படகு எடுக்க நேரிடலாம். வெள்ளநீரில் சாக்கடையும் தொழிற்கழிவும் எலிகளின் சிறுநீரும் கலந்திருப்பதால், உடலில் திறந்த காயம் உள்ளவர் இறங்கவே கூடாது. ஓட்டத்தின்போது ஏற்பட்ட கீறல்களைக் கரையிலேயே குழாய்நீராலும் சோப்பாலும் கழுவ வேண்டும். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கிருமி, கீறலின் வழியாகவும் கண், மூக்குச் சவ்வுகளின் வழியாகவும் உடலில் புகுந்து, பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படுகிறது. அதை டெங்கு என்றோ பருவக்காய்ச்சல் என்றோ தவறாகக் கருத வாய்ப்புண்டு என்பதால், ஓட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் தோன்றிய உறுப்பினர், எண்ணூரில் வெள்ளநீரில் இருந்ததை மருத்துவரிடம் அவர் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.